நான்காவது ஜென்டில் ரிமைண்டர்

ஜூன் 3, திங்கள்

இன்று முதல் நான் மெர்ச்சண்டைசர். ஐந்து வருடம் செக்கிங் செக்‌ஷனில் டியூப்லைட்டுக்குக் கீழே நின்று பனியனில் ஓட்டை தேடிய கோகிலவாணிக்கு, ஏசி அறையில் சுழல் நாற்காலி. உட்கார்ந்ததும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். பக்கத்து சீட் நவநீதன் சிரித்துக்கொண்டிருந்தான்.

முதலாளி குழந்தைவேல் ஐயா உள்ளே கூப்பிட்டார். “கண்ணு, டென்மார்க் ஆர்டர் உன்றது. கொழந்தைங்களுக்கு வாத்துப் படம் போட்ட சட்டை. ஜூலை ஆறாந்தேதி கண்டெய்னர் தூத்துக்குடிக்குக் கெளம்போணும். செக்கிங்ல நீ எல்லாரையும் போட்ட போடு எனக்குத் தெரியும். உன்ற வாய்க்குப் பயந்தாச்சும் சரக்கு நேரத்துக்கு வருமுன்னுதான் இங்க உக்கார வச்சிருக்கறேன். கப்பல்ல போச்சுன்னா இந்த சீட் உன்றது. ஏரோப்ளேன்ல அனுப்பற மாதிரி ஆச்சுன்னா பழையபடி செக்கிங்கே.”

விமானத்தில் அனுப்பினால் லாபமும் அதே விமானத்தில் ஏறிப் போய்விடும். திருப்பூரில் இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். சரிங்க ஐயா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என்ன வேலை செய்ய வேண்டும் என்று நவநீதனிடம் கேட்டேன். கோயம்புத்தூரில் இங்கிலீஷ் மீடியம் படித்த பையன். வெளிநாட்டு போன் எல்லாம் அவன்தான் பேசுவான். “ஃபாலோ அப்தாங்க்கா. வேற ஒண்ணுமில்ல” என்றான். ஃபாலோ என்றால் பின்னால் போவது, அப் என்றால் மேலே. “ரெண்டுஞ் சேந்தா என்ன, பின்னாடியே போயி மேல ஏறிக்கறதா?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தான். “கிட்டத்தட்ட அதேதாங்க்கா” என்றான்.

நாட்குறிப்பை இங்கிலீஷில் எழுதினால் பேச்சு தானாக வரும் என்றும் அவன்தான் சொன்னான். மேலே எழுதிவிட்டு அடித்துப்போட்ட இரண்டு வரி அந்த முயற்சிதான். பகல் முழுக்க உழைத்துவிட்டு ராத்திரியும் கஷ்டப்பட வேண்டுமா? தமிழே போதும்.

மூன்று மணிக்கு டென்மார்க்கிலிருந்து போன் வந்ததாம். நான் தண்ணீர் குடிக்கப் போயிருந்தேன்.

ஜூன் 5, புதன்

சாயப்பட்டறைக்குக் காலையிலிருந்து போன் போட்டேன். அங்கே சூப்பர்வைசர் சென்னியப்பன் அண்ணன். ஒவ்வொரு தடவையும், “வண்டி ஏத்தியாச்சுங்க அம்மிணி” என்றார்.

எனக்குத் தெரியாதா? இந்த ஊரில் ‘வண்டி ஏத்தியாச்சு’ என்றால் துணி இன்னும் மெஷினிலேயே ஏறவில்லை. ‘வண்டி கெளம்பிருச்சு’ என்றால் துணி ஈரமாக இருக்கிறது. ‘வண்டி பக்கத்துல வந்துருச்சு’ என்றால்தான் வண்டி கிளம்பியிருக்கிறது, டிரைவர் டீக்கடையில் நிற்கிறார்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேரே போனேன். கையில் டிபன் பாக்ஸ். அவர் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து தயிர்சாதத்தைத் திறந்தேன்.

“என்னுங்க அம்மிணி, இங்க வந்து சாப்புடறீங்க?”

“நீங்க வேலையப் பாருங்கண்ணா. வண்டியத்தான் ஏத்திப்போட்டீங்களே, அது போறதப் பாத்துட்டுப் போலாமுன்னு வந்தேன்.”

கத்தவில்லை. ஒரு வார்த்தை அதிகம் பேசவில்லை. மெதுவாகச் சாப்பிட்டேன். ஊறுகாயைத் தொட்டு நக்கினேன். இருட்டுவதற்குள் முதல் லாட்டுத் துணி மெஷின் ஏறி, என் கண் முன்னால் காய்ந்து, மடிந்து, வண்டி ஏறியது. ஆள் மேல் கத்துவதைவிட, ஆள் எதிரே உட்கார்ந்து பொறுமையாகச் சாப்பிடுவது பெரிய ஆயுதம். இதை யாருக்கும் சொல்லித்தர மாட்டேன்.

வரும் வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன். இந்த வேலை எனக்கென்றே செய்தது.

ஜூன் 7, வெள்ளி

மஞ்சள் துணியில் வாத்து பிரிண்ட் போட்ட சாம்பிள் வந்தது. அவர்கள் அனுப்பிய படத்தில் வாத்தின் அலகு ஆரஞ்சு. துணியில் கொஞ்சம் சிவந்துவிட்டது. எனக்கென்னவோ சிவப்புதான் பிடித்தது. வெற்றிலை போட்ட வாத்து மாதிரி இருக்கிறது. “பையர் என்ன சொல்றாங்களோ, அனுப்பிப் பாப்போங்க்கா” என்று நவநீதன் கூரியரில் போட்டான். டென்மார்க்கில் வாங்குகிற கம்பெனியில் பிர்கிட் என்ற அம்மாள் பார்த்துச் சரி என்றால்தான் மொத்தத் துணிக்கும் பிரிண்ட் ஓடும். பிரிண்ட் ஓடினால்தான் கட்டிங்.

ஒரு துண்டை எனக்கென்று வெட்டி வைத்துக்கொண்டேன். சிவப்பு என்றால் செக்கிங்காரிக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

ஜூன் 9, ஞாயிறு

ஹாஸ்டலில் தண்ணீர் ஒன்பது மணிக்கே நின்றுவிடும் என்பதால் விடிந்ததும் துவைக்க உட்கார்ந்தேன். வாத்துத் துண்டைப் பொங்கலுக்கு எடுத்த வெள்ளைத் துப்பட்டாவோடு சேர்த்து ஊறப்போட்டேன். சோப்புப் போட்டுக் கும்மினேன். கல்லில் அடித்தேன். லேப் டெஸ்ட் எல்லாம் சரிதான், ஆனால் பிள்ளை சோற்றைக் கொட்டிக்கொண்ட சட்டையை அம்மாக்கள் எப்படிக் கசக்குவார்கள் என்று லேப்புக்குத் தெரியுமா? பிழிந்து காயப்போட்டுப் பார்த்தேன். துப்பட்டாவில் ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. பிழைத்தது துப்பட்டா.

அம்மா காங்கேயத்திலிருந்து பேசினாள். சர்க்கரைக்குப் பார்க்கிற டாக்டர் சீட்டில் ‘இரண்டு வாரம் கழித்து ஃபாலோ அப்’ என்று எழுதித் தந்து மாதம் ஒன்றாகிறது. இன்னும் போகவில்லை. போன் போட்டு நேரம் கேட்டுக்கொண்டு போக வேண்டுமாம்.

“அங்க போன் எடுக்கற புள்ள வெடுக்குனு பேசுது கண்ணு. நான் என்னத்தையோ கேக்கப் போயி, அது என்னத்தையோ சொல்லி...”

“போன் பண்றதுக்கு என்னம்மா பயம்? அந்தப் புள்ள போன்ல வந்து கடிச்சு வெச்சுருமா?” என்று நன்றாகத் திட்டினேன். படிக்காதவர்களுக்கு எதைக் கண்டாலும் பயம்.

ஜூன் 11, செவ்வாய்

கூரியர் டென்மார்க்கில் கொடுக்கப்பட்டுவிட்டது. நவநீதன் காய்ச்சல் என்று வரவில்லை. அவன் முன்பு எழுதிய மெயிலைப் பார்த்து, ‘ஜென்டில் ரிமைண்டர்’ என்று தலைப்புப் போட்டு நானே அனுப்பினேன். மென்மையாக ஞாபகப்படுத்துகிறோமாம். சாயப்பட்டறைக்கு ஒரு நாள் இப்படி மென்மையாக ஞாபகப்படுத்தினால் துணி அடுத்த தீபாவளிக்கு வரும்.

ஜூன் 12, புதன்

இப்போதெல்லாம் தண்ணீர் நிறையக் குடிக்கிறேன். உடம்புக்கு நல்லது.

ஜூன் 13, வியாழன்

நவநீதனுக்கு டைபாய்டு. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். போனைத் தொடக்கூடாது என்று அவன் அம்மா வாங்கி வைத்துக்கொண்டாராம். பாவம் பையன்.

அவன் மேஜை போன் மதியம் இரண்டு தடவை அடித்தது. முதல் தடவை தண்ணீர் குடிக்கப் போயிருந்தேன். இரண்டாவது தடவை, குடித்த தண்ணீருக்கு ஒரு வழி செய்யப் போயிருந்தேன். இரண்டாவது ரிமைண்டர் அனுப்பினேன்.

ஜூன் 15, சனி

இன்று அனுப்பியது நான்காவது ஜென்டில் ரிமைண்டர். எத்தனையாவது ரிமைண்டர் வரைக்கும் ஜென்டிலாக இருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் தேவலை.

ஐயா வந்து கேட்டார். “டென்மார்க்ல பேசினியா கண்ணு?”

“மெயில் போட்டிருக்கறனுங்க ஐயா.”

“மெயிலா?” என்றார். பிறகு போய்விட்டார்.

நான் சொன்னதில் பொய் இல்லை. மெயில் என்பது எழுத்து. எழுத்துக்கு ஒரு ஆதாரம் இருக்கும். பேச்சுக்கு என்ன ஆதாரம்? பெரிய கம்பெனிகளில் எல்லாம் மெயில்தான்.

ஒரு தடவை கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்குப் போயிருந்தேன். டிகிரி முடித்த புதிது. உன்னைப் பற்றிச் சொல் என்றார்கள். மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். சத்தமாகக்கூட இல்லை. மெதுவாகத்தான். அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சும்மா ஞாபகம் வந்தது, எழுதினேன்.

ஜூன் 17, திங்கள்

மீதித் துணி முழுவதையும் சென்னியப்பன் அண்ணனே வண்டியில் கூட வந்து இறக்கினார். சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னால்! “மறுபடி தயிர்சாதத்தத் தூக்கீட்டு வந்துருவீங்கன்னு பயந்துக்கிட்டு ராப்பகலா ஓட்டுனமுங்க” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன்.

குடோனில் முதல் லாட்டுத் துணி அப்படியே அடுக்கியிருந்ததைப் பார்த்துவிட்டார்.

“இன்னுமா பிரிண்டிங் போகுலீங்க?”

“டென்மார்க்ல ஓகே சொல்லோணுங்கண்ணா. நாலு மெயில் போட்டாச்சு. பதில் இல்லை.”

“போன்ல கூப்புடறதுதானுங்க?”

“அவங்க பிஸியா இருப்பாங்க.”

டீ டம்ளரைக் கீழே வைத்தார். “அம்மிணி, தப்பா நெனைக்காதீங்க. எங்களைய இந்த வெரட்டு வெரட்டறீங்க. மெஷின் முன்னாடி உக்காந்து சோறு திங்கறீங்க. அந்தம்மாவ மட்டும் ஏனுங்க வெரட்ட மாட்டேங்கறீங்க?”

“அது வேறங்க, இது வேறங்க” என்றேன்.

“என்னங்க வேற? அவங்களும் நம்மளாட்ட வேலை செய்யற ஆளுதானுங்களே” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சாயப்பட்டறையில் இருக்கிறவருக்கு எக்ஸ்போர்ட்டைப் பற்றி என்ன தெரியும்? சாயங்காலம் வரை அதே கோபம். ஹாஸ்டலில் சப்பாத்தி போட்டார்கள். இறங்கவில்லை.

அவர் சொன்னது சரி. கோபமே அதற்குத்தான்.

ஜூன் 18, செவ்வாய்

பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். வணக்கம் சொல்வதிலிருந்து நன்றி சொல்வது வரை. இரண்டு மணிக்கு நம்பரைப் போட்டேன். இரண்டு தடவை ரிங் போனதும் லைன் கட்டாகிவிட்டது.

சரி. நான்தான் கட் செய்தேன்.

செக்கிங் பக்கம் போய் நின்றேன். என் பழைய இடத்தில் ஒரு பெண் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது கேவலமான வேலை இல்லை. அதில் நான் ராணியாக இருந்தேன். ஆனால் ஒரு போனுக்குப் பயந்து அங்கே திரும்பிப் போய் நின்றால், தினமும் காலையில் கண்ணாடி பார்க்க எனக்கு முகம் இருக்காது.

ஜூன் 19, புதன்

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். மறந்துவிடக்கூடாது.

காலையில் அந்த வெள்ளைத் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு போனேன். வேறு எதுவும் துவைத்ததாக இல்லை. இரண்டு மணிக்கு நம்பரைப் போட்டுவிட்டு, கட் செய்ய முடியாதபடி இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

“பிர்கிட்” என்றது அந்தப் பக்கம். பெயரை மட்டும் சொல்கிறார்கள். ஹலோ இல்லை, ஒன்றும் இல்லை. என் தாளில் முதல் வரி ‘ஹலோ’வுக்குப் பதில் சொல்வது. அது போய்விட்டதும் மற்ற வரிகளும் சேர்ந்து போய்விட்டன.

“திஸ் இஸ் கோகிலவாணி. திருப்பூர். ஃபாலோ அப்” என்றேன். அவ்வளவுதான் வாயில் இருந்தது.

அந்த அம்மாள் சிரித்தாள். “கோகிலா! தி ஜென்டில் ரிமைண்டர்!”

அந்தச் சிரிப்பைக் கேட்டதும் கோயம்புத்தூர் மேஜை, இரண்டு பேர், எல்லாம் வந்து நின்றது. வைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அவள் மூச்சு விடாமல் பேச ஆரம்பித்துவிட்டாள். பழக்கத்தில் நவநீதன் ஐடிக்கே மூன்று மெயில் போட்டாளாம், பதிலே இல்லையாம். இரண்டு தடவை போன் செய்தாளாம், யாரும் எடுக்கவில்லையாம். ஒரு பக்கம் ரிமைண்டர் மேல் ரிமைண்டர் வருகிறது, கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை, என்னவோ மறைக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாளாம். அந்தச் சிரிப்பு, அப்பாடா ஒரு ஆள் கிடைத்தாளே என்ற சிரிப்பு.

நவநீதன் ஆஸ்பத்திரியில் இருப்பதைச் சொன்னேன். “ஓ, நோ” என்று நிஜமாகவே வருத்தப்பட்டாள். பிறகு கேள்விக்கு வந்தாள். வாத்தின் அலகு ஏன் சிவப்பு? சிவப்பாக இருப்பது பிரச்சினை இல்லை, அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் துவைத்தால் அந்தச் சிவப்பு... அங்கே நின்றுவிட்டாள். வார்த்தை கிடைக்கவில்லை. “தி கலர்... இட்... இட் வாக்ஸ்?” என்றாள். சாயம் நடந்து போகுமா என்கிறாள்! அவள் பாஷையில் என்னவோ முணுமுணுத்தாள். பக்கத்தில் யாரிடமோ கேட்டாள்.

டென்மார்க்கில் உட்கார்ந்திருக்கிற பிர்கிட்டும் இங்கிலீஷ் வார்த்தையைத் தேடுகிறாள்! அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோஷத்தை எந்த பாஷையிலும் எழுத முடியாது. என் இடது கை தானாக முன்னால் வந்துவிட்டது.

“நோ வாக்கிங்!” என்றேன். “ஐ வாஷ். மை ஹேண்ட். சோப். ஸ்டோன். டுகெதர் மை ஒயிட் ஷால்.”

“யுவர் ஷால்? யுவர் ஓன்?”

“மை ஓன். நியூ. ஷால் ஸ்டில் ஒயிட். நவ் ஐ ஆம் வியரிங்!”

அந்தப் பக்கம் அவள் பாஷையில் யாரிடமோ வேகமாகச் சொல்வது கேட்டது. நடுவில் ‘ஷால்’ மட்டும் எனக்குப் புரிந்தது. நாலைந்து பேர் ஆச்சரியப்படும் சத்தம். போட்டோ அனுப்பு என்றாள். துப்பட்டா, வாத்துத் துண்டு, என் மூஞ்சி மூன்றையும் சேர்த்து எடுத்து மொபைலிலிருந்தே அனுப்பினேன். பார்த்துவிட்டு, சரி, சிவப்பே இருக்கட்டும், சாயங்காலத்துக்குள் மெயில் போடுகிறேன் என்றாள்.

சாயங்காலம்! ‘வண்டி ஏத்தியாச்சு’ என்பது எந்த ஊரில் பேசினாலும் எனக்குப் புரியும்.

“மெயில் நவ், ப்ளீஸ்” என்றேன். “ஐ வெயிட்.”

“நவ்?”

“யெஸ். நோ ப்ராப்ளம். யூ ஒர்க். ஐ வெயிட்.”

போனைக் காதில் வைத்தபடி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கையில் தயிர்சாதம் இல்லை, அது ஒன்றுதான் குறை. மெயில் வந்து விழுந்தது. படித்தேன். வாத்து ஓகே, சிவப்பு ஓகே, கீழே அவள் பெயர். “தேங்க்யூ, பிர்கிட்” என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

திரும்பினால் வாசலில் ஐயா நிற்கிறார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

“வந்துருச்சுங்க ஐயா.”

“கேட்டுட்டுத்தான் நின்னேன்” என்றார். “பிரிண்டிங்குக்கு வண்டியப் போடச் சொல்லு.”

ஜூன் 22, சனி

பிரிண்டிங் யூனிட்டில் இரண்டு நாள் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்தேன். மஞ்சள் துணி முழுக்க வாத்துகள், ஒவ்வொன்றும் வெற்றிலை போட்டுக்கொண்டு. கட்டிங் ஆரம்பித்தாயிற்று.

ஜூன் 28, வெள்ளி

பட்டன்காரர், “வண்டி பக்கத்துல வந்துருச்சுங்க” என்றார். டீக்கடைக்கே போய் டிரைவரைக் கூட்டிவந்தேன்.

ஜூன் 30, ஞாயிறு

அம்மாவுக்குப் போன் போட்டேன். அன்றைக்குத் திட்டியதற்கு என்னவோ மாதிரி இருந்தது என்று சொன்னேன். “அந்தப் புள்ளைகிட்ட நான் பேசட்டுமாம்மா? பயமா இருந்தா பரவால்ல, எல்லாருக்கும் இருக்கறதுதான்.”

“நானே பேசிப்போட்டேன் கண்ணு, புதன்கெழம. வெடுக்குனுதான் பேசுச்சு. நானும் வெடுக்குனு பேசிப்போட்டேன். நாளைக்கு வரச் சொல்லியிருக்குது.”

என் வாய் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது.

ஜூலை 6, சனி

போயிற்று! கண்டெய்னர் போயிற்று!

இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் பெட்டி பெட்டியாகப் பிரித்துப் பார்த்தார். ஒரு சட்டையைக்கூட வேண்டாமென்று ஒதுக்கவில்லை. செக்கிங் பெண்கள் எல்லாரும் வாசலுக்கு வந்து நின்றார்கள். கதவைச் சாத்தி சீல் வைத்ததும் யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். முதலில் தட்டியது நான்தான் என்று அவர்கள் சொல்கிறார்கள்.

லாரி தெருமுனையில் திரும்பும்போது போன் வந்தது. சென்னியப்பன் அண்ணன்.

“வண்டி கெளம்பிருச்சுங்களா அம்மிணி?”

“பக்கத்துல வந்துருச்சுங்கண்ணா” என்றேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடித்து, “அன்னைக்கு நீங்க கேக்கலைன்னா இது கெளம்பியிருக்காதுங்க” என்றேன். “அதெல்லாம் இல்லீங்க” என்று சொல்லிவிட்டு, அடுத்த லாட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் நாள் கேட்டார். தரமாட்டேன் என்றேன்.

ஐயா பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. “அந்த நாற்காலி கிரீச்சுனு கத்துதே, புதுசு சொல்லீரு கண்ணு” என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இது என்னுடையது.

ஜூலை 8, திங்கள்

நவநீதன் பாதி ஆளாக வந்து சேர்ந்தான். வாத்துச் சட்டை ஒன்றை அவன் மேஜையில் விரித்து வைத்திருந்தேன். நடந்த கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. டென்மார்க் நம்பர். பழக்கத்தில் அவன் கை நீண்டது.

“நவநீதா” என்று உள்ளே இருந்து ஐயா குரல் கொடுத்தார். “அது உன்றதில்ல.”

தொண்டை வறண்டுதான் இருந்தது. அது எப்போதும் வறளும் போலிருக்கிறது. மேஜை மேல் பாட்டில் நிறையத் தண்ணீர். தொடவில்லை. எடுத்தேன்.

“கோகிலா, பிர்கிட். ஜஸ்ட் எ ஃபாலோ அப்” என்றாள். “ஹவ் இஸ் தி ஷால்?”

“ஸ்டில் ஒயிட்!” என்றேன்.

அடுத்து பெரிய பிள்ளைகளுக்கும் அதே வாத்து வேண்டுமாம், அதே சிவப்பு அலகோடு. எத்தனை, எந்த அளவு, எந்தத் தேதி என்று கேட்டேன். தேதி ஒத்துவராது என்று சண்டை போட்டேன். நான்கு நாள் கூடுதலாக வாங்கினேன். சென்னியப்பன் அண்ணனுக்கு இரண்டு நாள் கொடுக்கலாம், அவரிடம் சொல்ல மாட்டேன். நவநீதன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். பேசி முடித்துப் போனை வைத்தபோது நிஜமாகவே தாகம் எடுத்தது. பாட்டிலைத் திறந்து, நாற்காலியில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டே தண்ணீர் குடித்தேன்.